அளவுக்கம்பி எப்போது மெய் சொல்லும்?

மலைநாட்டில் சமதரை என்பது அரிய பொருள். அரநாயக்கப் பகுதியில் தேயிலை மலையும் இறப்பர் மலையும் சரிந்திறங்கும் இடங்களில், லயத்தருகே நிறுத்தப்படும் வண்டி எதுவாயினும் சக்கரத்துக்குக் கல் வைத்தே நிறுத்தப்படுகிறது. அவ்வாறு சாய்ந்து நிற்கும் வண்டியின் எஞ்சின் மூடியைத் திறந்து, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி நோக்கி, ஒயில் போதும் என்று திருப்தியுற்று மாவனல்லைக்குப் புறப்படும் சாரதிகள் பலர். அந்தக் கம்பி கூறியது மெய்தானா என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். அதிவேக ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி எழுதுமாறு மாணவ நேயர்கள் விரும்புவதுண்டு. அவர்தம் விருப்பமும் இதனுள்ளே நிறைவேறும்.

திரவத்தின் மேற்பரப்பு எப்போதும் கிடைமட்டமாகவே நிற்கும் என்பது பள்ளிப் பாடம். பாத்திரம் சாய்ந்தாலும் நீர் சாய்வதில்லை. எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியிலும், அதாவது சம்ப்பிலும், இதே விதிதான். தொட்டியின் நடுவிலிருந்து 20 சென்ரிமீற்றர் முன்னே தள்ளிக் கம்பி இறங்குகிறது என்று கொள்வோம். பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் வண்டி நின்றால், கம்பியின் இடத்தில் எண்ணெய் மட்டம் 2 சென்ரிமீற்றர் மாறிக் காட்டும். பல வண்டிகளில் மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையேயுள்ள தூரமே ஏறத்தாழ அவ்வளவுதான்! சிறிய கார்களில் அந்த இடைவெளி சுமார் ஒரு லீற்றர் எண்ணெயைக் குறிக்கும். முகம் கீழ்நோக்கி நிற்கும் வண்டியில் இக்கம்பி நிறைவு காட்டும். உள்ளே ஒரு லீற்றர் குறைந்திருக்கும்.

ஆகவே பிரட்டுக்களமோ, ஸ்டோர் முற்றமோ, கோயில் முன்றிலோ, சமமான இடமொன்றைத் தேடிக்கொள்வதே முறை. அதுவும் வாய்க்காதவர்கள் ஒரே இடத்தில் வண்டியை மேல்நோக்கி ஒரு முறையும் கீழ்நோக்கி ஒரு முறையும் நிறுத்தி, இரண்டு அளவுகளின் நடுவைக் கொள்ளலாம். இது முழுத் துல்லியம் தராவிடினும் பெரும் பிழையைத் தவிர்க்கும். சாதாரண வண்டியாயின் எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் பொறுத்து, மேலே ஏறிய எண்ணெய் வடிந்து கீழிறங்கிய பின், கம்பியைத் துடைத்து மீண்டும் செலுத்திப் பார்க்க வேண்டும். இது பலரும் அறிந்ததே.

வண்டி நிற்கையில் சரிவு செய்யும் வேலையை, ஓடுகையில் வளைவு செய்கிறது. நல்ல டயர் பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார் விரைந்து திரும்பும்போது பக்கவாட்டில் எழும் விசை புவியீர்ப்புக்கு நிகராகிவிடக் கூடும். அந்நிலையில் எண்ணெயின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கும். எண்ணெயை உறிஞ்சும் குழாய் அப்போது காற்றையே உறிஞ்சும். கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு கனமுள்ள எண்ணெய்ப் படலம் மட்டுமே. நிமிடத்துக்கு 8000 சுற்றுச் சுழலும் எஞ்சினில் அப்படலம் சில விநாடிகள் அறுந்தாலும் உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும்.

நம் மலையகத்தவர்க்கு இது தொலைதூரச் செய்தியன்று. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பாதையிலேயே 1934ஆம் ஆண்டு மலையேற்றப் பந்தயம் தொடங்கிற்று. கொழுந்து ஏற்றிய வண்டிகள் ஊர்ந்த கொண்டையூசி வளைவுகளில் பந்தயக் கார்கள் சீறிப் பாய்ந்தன. இத்தகைய வளைவுகளில் எண்ணெய் ஒதுங்குவதைத் தடுக்கச் சிலர் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைப்பர். பெரும் பந்தய எஞ்சின்களிலோ எண்ணெயைக் கீழே தேங்கவே விடுவதில்லை. ஒரு பம்பு அதை உடனுக்குடன் இறைத்துத் தனித்தொட்டிக்கு அனுப்ப, இன்னொரு பம்பு அங்கிருந்து எஞ்சினுக்கு ஊட்டும். அடித்தொட்டி உலர்ந்திருப்பதால் இதனை உலர் சம்ப் என்பர்.

இம்முறையும் தோட்டங்களுக்குப் புதியதன்று. முற்காலத்தில் சின்னத்துரைமார் ஏறித் திரிந்த பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ப் போன்ற ஆங்கில மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எண்ணெய்க்குத் தனித்தொட்டி உண்டு. 1955 முதல் சென்னையில் உருவான பழைய என்ஃபீல்டு புல்லட்டும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன் எண்ணெய் அறை எஞ்சின் உறைக்குள்ளேயே அமைந்திருந்தது. இவ்வண்டிகளை வாரக்கணக்கில் ஓட்டாது நிறுத்தினால், எண்ணெய் பம்பின் வழியே மெல்லக் கசிந்து எஞ்சின் அடிக்கு இறங்கிவிடும். தொட்டியைப் பார்ப்பவருக்கு எண்ணெய் குறைந்ததாகத் தோன்றும். அவர் மேலும் ஊற்றுவார். எஞ்சினைக் கிளப்பியதும் மிகுதியான எண்ணெய் கண்ட இடமெல்லாம் வழியும்.

1963இல் முதன்முதல் காட்சிக்கு வைக்கப்பட்டு, 1998 வரை காற்றாற் குளிரும் எஞ்சினுடன் வெளிவந்த போர்ஷே 911 காரிலும் கதை இதுவே. அதன் எஞ்சினைச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியை உருவ வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் கம்பி வெறுமையாகவே வரக்கூடும். அதை நம்பி ஊற்றியவரின் வண்டி நீலப்புகை கக்கும். மிஞ்சிய எண்ணெய் காற்றுக் குழாய்க்குள் புகுந்து எரிவதன் விளைவு அது. சாதாரணக் காரில் அளவு மிஞ்சினாலோ, கிராங்க் தண்டு எண்ணெயை மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உராய்வைத் தடுக்காது. எனவே கூடுதல் நல்லது என்று எண்ணி ஊற்றுவதும் குற்றமே. ஓடும் எஞ்சினருகே குனிபவர்கள் சால்வை, தாவணி, கழுத்துப்பட்டி ஆகியவற்றை ஒதுக்கிக்கொள்வது அவசியம். விசிறிப் பட்டிக்கு ஆள் பேதம் தெரியாது.

இன்றைய உயர்ரகக் கார்கள் பலவற்றில் கம்பியே இல்லை. மின்னணுக் கருவி அளந்து திரையிற் காட்டுகிறது. அதற்கும் சமதரையும் உரிய சூடும் வேண்டும். சில வண்டிகள் அவை அமையும் வரை விடை சொல்ல மறுத்துவிடும். கம்பியைவிட இது நேர்மையானது என்றே நாம் கருதுகிறோம்.

வாடகை வண்டியால் வயிறு வளர்ப்போர் மனத்திற் கொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. முன்பலகையில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கு பெரும்பாலான வண்டிகளில் எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தையே காட்டுகிறது. அது எரியும்போது ஊறு தொடங்கியிருக்கலாம். மலைப்பாதை வளைவில் அது ஒரு கணம் மின்னி, நேர்வழியில் அணைந்துவிட்டால், பலரும் வயர்க் கோளாறு என்று அலட்சியம் செய்கின்றனர். எண்ணெய் குறைந்து வளைவில் ஒதுங்குகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறியாக இருக்கலாம். விளக்கு அணையாது எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய பின் எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். இறக்கத்தில் ஓடும்போதே அணைத்தால் பிரேக்கின் வலு குறையும். அங்கிருந்து கராஜுக்கு இழுத்துச் செல்லக் கொடுக்கும் கூலி, கிராங்க் தண்டும் பேரிங்கும் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்கே.