அந்த 'எனக்கு' எதற்கு?

போன வருஷம் ஓர் இதழுக்குக் கதை அனுப்பினேன். அதில் ஈப்போ பாட்டி, கோலாலம்பூருக்கு வேலைக்குப் போகும் பேத்தியிடம் சொல்வாள்: "எங்க வேணும்னாலும் போ. நீ எனக்கு நல்லா இருந்தா போதும்டா." திரும்பி வந்த பிரதியில் 'எனக்கு' அடிக்கப்பட்டிருந்தது. 'டா'வும் காலி. பக்கத்தில் குறிப்பு: பொருளுக்குத் தேவையில்லை; பெண்ணை 'டா' போடுவது இலக்கணப் பிழை.

நான் பொறியாளன். ஒரு பாகத்தைக் கழற்றினால் இயந்திரம் ஓடுகிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. 'எனக்கு'வைக் கழற்றினாலும் வாக்கியம் ஓடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டி அதிலிருந்து இறங்கிப் போயிருப்பாள்.

இது பாட்டியின் பேச்சுப் பழக்கம் மட்டுமில்லை. ஸ்பெயினில் ஒரு தாய், குழந்தை சாப்பிடவில்லை என்பதை 'குழந்தை எனக்குச் சாப்பிட மாட்டேங்குது' என்ற அமைப்பில் சொல்வாள். அந்த 'மெ' சாப்பாட்டைப் பற்றியதல்ல, தாயின் கவலையைப் பற்றியது. ஜெர்மன்காரர் பிள்ளையிடம் 'எனக்கு லேட்டா வராதே' என்கிற மாதிரி ஒரு 'மிர்' சேர்ப்பார். லத்தீன் இலக்கணத்தில் இந்த நான்காம் வேற்றுமைக்குத் தனிப் பெயரே உண்டு: 'டாடிவுஸ் எதிகுஸ்'. நடக்கும் செயலில் எனக்குப் பங்கில்லை. ஆனால் அது என்னைத் தொடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

ஆங்கிலத்திலும் இது இருந்தது. ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தில் எஜமான் 'எனக்காகக் கதவைத் தட்டு' என்ற பொருளில் சொல்ல, வேலைக்காரன் 'என்னை அடி' என்று எடுத்துக்கொள்வான். ஒரு காட்சியின் நகைச்சுவையே அதில்தான் தொடங்குகிறது. பிறகு ஆங்கிலம் அந்த வழக்கைக் கிட்டத்தட்ட இழந்துவிட்டது. நாமோ பல ஸ்பானிய நாவல்களை ஆங்கிலம் வழியாகத்தான் தமிழில் வாசிக்கிறோம். 'நாய் எனக்குச் செத்துப்போச்சு' என்ற துக்கம் நடுவழியில் 'நாய் இறந்தது' என்ற செய்தியாகிவிடுகிறது. அதையே நல்ல நடை என்று பழகி, கடைசியில் நம் பாட்டிகளையும் அப்படியே திருத்துகிறோம்.

'டா' விஷயத்தில் இலக்கணத்தைத் துணைக்கு அழைப்பதுதான் இன்னும் வேடிக்கை. பவணந்தியின் நன்னூல் மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறுவதை ஏற்றுக்கொள்கிறது. மகிழ்ச்சியில் பசுவை 'அம்மா' என்று அழைப்பதும், மகனைப் பெண்ணாகச் சொல்வதும் அங்கே வழுவமைதி. பேத்தியை 'டா' என்பது அதன் மறுபக்கம். 13ஆம் நூற்றாண்டு இலக்கணத்துக்கு இருந்த மனசு நமக்கு ஏன் இல்லை?

சொற்சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யாத சொல்லை வெட்டுங்கள், கை தட்டுகிறேன். எல்லா வாக்கியத்திலும் 'எனக்கு' போட்டால் நானே வெட்டுவேன். ஆனால் வெட்டும்முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தகவல் குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், பேசுகிற ஆள் குறைகிறாரா என்றும் பாருங்கள்.

கதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். 'எனக்கு'வும் 'டா'வும் பழைய இடத்திலேயே இருக்கின்றன.