பார்வை எண்ணிக்கை புள்ளி போடாது

மன்னாரில் உயர்தரம் படிக்கும் நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டை எழுதி, மெட்டமைத்து, போனில் படம்பிடித்து, வெட்டி ஒட்டி யூடியூபில் ஏற்றிவிடலாம். இதை நான் மனதார வரவேற்கிறேன். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. ‘நீங்கள் எடுத்த காணொளியைப் பற்றி நீங்களே ஒரு மதிப்பீடு எழுதித் தாருங்கள்’ என்று ஆசிரியர் கேட்டால் பிள்ளைகளின் முகம் மாறுகிறது. “பாட்டு வெளியிட்டாச்சு, வியூஸ் வந்தாச்சு, இனி என்ன எழுதக் கிடக்கு?” வீட்டிலும் இதே பேச்சுத்தான். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே தீர்ப்பு, எழுதிக் கொடுப்பது வெறும் சடங்கு என்ற நம்பிக்கை நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அந்த நம்பிக்கை பிழையானது. பிள்ளைகள் கற்க வேண்டியதை அவர்களிடமிருந்து அது பறித்துவிடுகிறது.

எண்ணிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பார்க்க நமக்கு நெருக்கமான ஒரு பாட்டே போதும். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் தயாரித்தார், அமித் கிருஷ்ணன் காணொளியை இயக்கினார். பல கோடிப் பேர் பார்த்தார்கள். பார்வை எண்ணிக்கைதான் தீர்ப்பு என்றால் அது எவ்வளவு பெரிய தீர்ப்பு! ஆனால் 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் அறிவு ஏன் இல்லை என்ற கேள்வி எழுந்தது. 2022இல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமலே அந்தப் பாட்டு பாடப்பட்டது. எழுதியதும் மெட்டமைத்ததும் தான்தான் என்று அறிவு பகிரங்கமாக எழுதினார். தீயும் சந்தோஷ் நாராயணனும் தங்கள் பக்கத்தை விளக்கி அறிக்கை விட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று இங்கே நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அத்தனை கோடிப் பார்வைகளாலும் ‘இதில் யார் எதைச் செய்தார்’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். செய்த வேலையைச் செய்த காலத்திலேயே எழுதி வைக்கும் பழக்கம் இதற்காகத்தான் வேண்டும். நாலு பேர் சேர்ந்து செய்த பாடசாலைச் செயற்திட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக நிற்கும். மடிக்கணினி வைத்திருப்பவன் இரவிரவாக எடிட் பண்ணியிருப்பான், புள்ளி நாலு பேருக்கும் ஒன்றாகவே விழும். அவனுடைய பெயர் காணொளியின் கடைசியில் இரண்டு விநாடி ஓடி மறையும்.

‘என்ஜாய் எஞ்சாமி’யில் மன்னாருக்கும் பங்கு உண்டு. அதன் பின்னால் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. 19ஆம் நூற்றாண்டில் தோட்டங்களுக்கு வந்த மக்களில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். இங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள், வழியில் செத்தும் போனார்கள். அந்த வழியை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் கப்பலேறியதும் தலைமன்னாரில்தான். இன்று அதே பழைய இறங்குதுறையில் நம் பிள்ளைகள் காதல் தோல்விப் பாட்டுக்கு மெதுவாக நடந்து காட்டுகிறார்கள். நடக்கட்டும், இடம் அவர்களுடையது. ஆனால் ‘ஏன் இந்த இடம்?’ என்று ஒரு வரி எழுதச் சொன்னால், ‘வடிவாக இருந்தது’ என்பதற்கு மேல் பேனா நகர்வதில்லை. அந்த வரியை எழுதத் திணறும்போதுதான் அந்த இடத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டுப் பார்க்கத் தோன்றும்.

காற்றாலைகளும் அப்படித்தான். மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ காற்று மின் நிலையத்தின் 30 காற்றாலைகள் 2020 டிசம்பரிலிருந்து சுழல்கின்றன. பாடல் காணொளிக்கு அவை நல்ல பின்னணி என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் புதிய காற்றாலைகள் வேண்டாம், கனிய மணல் அகழ்வு வேண்டாம் என்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அந்தக் கரையில் வலை இழுப்பவர்களின் பிள்ளைகள், அதே காற்றாலையின் கீழே கதாநாயகன் கை விரித்து நிற்கும் காட்சியை எடுக்கும்போது, அந்தக் காட்சி தம் ஊராருக்கு என்ன சொல்லும் என்று யோசித்தார்களா? யோசித்து வேண்டுமென்றே எடுத்திருந்தால் அதை எழுதட்டும், நான் கைதட்டுவேன். யோசிக்கவே இல்லையென்றால் அதையும் எழுதட்டும்.

இனித் தொழில்நுட்பம். மன்னாரில் வெளிப்புறத்தில் வாயசைப்புக் காட்சி எடுத்தவர்களுக்கு இது தெரியும்: சோளகம் அடிக்கும் மாதங்களில் கடற்கரையில் போன் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டால், பத்தடி தள்ளி நிற்பவருக்கு அது கேட்காது. அவர் மனதிலுள்ள தாளத்துக்குப் பாடுவார், உதடு மூன்று நான்கு பிரேம் பிந்தும். பார்க்கிறவருக்கு ஏதோ ஒட்டவில்லை என்று தெரியும், எதுவென்று சொல்லத் தெரியாது. மெதுவோட்டக் காட்சியில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. விநாடிக்கு 50 பிரேமில் எடுத்து 25இல் ஓட்டுவதானால், படம்பிடிக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டு அதற்கு வாயசைக்க வேண்டும். சாதாரண வேகத்தில் பாடி எடுத்தால், திரையில் உதடு பாட்டின் பாதி வேகத்தில் இழுபடும். நண்பகலில் வெண்மணலில் எடுத்தால் கண் சுருங்கி, கண்குழியில் நிழல் விழும். இந்தப் பிழைகளில் எதையாவது பார்வை எண்ணிக்கை சுட்டிக் காட்டியதுண்டா? ‘சூப்பர் மச்சான்’ என்ற கருத்து சுட்டிக் காட்டியதுண்டா? ‘இரண்டாம் சரணத்தில் உதடு பிந்துகிறது. காற்றின் சத்தத்தில் பாடகருக்குப் பாட்டுக் கேட்கவில்லை. அடுத்த முறை காதில் செருகும் கருவியைக் கொடுப்போம்’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அடுத்த காணொளி அந்த வரியிலேயே தொடங்கிவிட்டது.

இப்படி யோசிக்க வைக்கும் கேள்விகள் புதிதல்ல. இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். பரீட்சைச் சபை உயர்தர ஊடகக் கற்கை மாணவர்களிடம் பல ஆண்டுகள் நான்கு கேள்விகளுக்குப் பதில் கேட்டது. இவ்வகைக் காணொளிகளின் வழக்கங்களில் எதை எடுத்தாய், எதை வளர்த்தாய், எதை மறுத்தாய்? காணொளியும் அதோடு செய்த அட்டைப்படமும் விளம்பரமும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றன? பார்த்தவர்கள் சொன்னதிலிருந்து என்ன கற்றாய்? எந்தக் கட்டத்தில் எந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்தினாய்? மூன்றாவது கேள்வியைப் பாருங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அது கேட்கவில்லை. நம் ஊரில் பத்துப் பேரைக் கூட்டி வைத்துக் காணொளியைப் போட்டு, எங்கே சலித்தது என்று கேட்டால் போதும், பதில் எழுதிவிடலாம். பத்தாயிரம் பார்வையில் அந்தப் பதில் கிடைக்காது.

‘நல்ல கலை தானே பேசும், கலைஞன் விளக்கம் சொல்லக் கூடாது’ என்பார்கள் சிலர். பழுத்த கலைஞருக்கு அது பொருந்தலாம், கற்கிறவருக்குப் பொருந்தாது. பழுத்தவர்களும் பதில் சொல்ல வேண்டி வரும்: எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாயா அருள்பிரகாசம் 2015இல் ‘போர்டர்ஸ்’ என்ற காணொளியைத் தானே இயக்கினார். படகில் மனிதர்கள், வேலியில் ஏறும் மனிதர்கள் என்று அகதிகளின் கோலத்தை எடுத்துக் காட்டினார். அதில் அவர் அணிந்த சட்டைக்காகப் பாரிஸ் கால்பந்துக் கழகம் ஆட்சேபக் கடிதம் அனுப்பியது. ஒரு சட்டைக்குக்கூடப் பதில் சொல்ல வேண்டிய தொழில் இது. லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் கலையும் திரைப்படமும் படித்தவர் அவர். தான் வைத்த ஒவ்வொரு பொருளும் ஏன் அங்கே இருக்கிறது என்று தன்னிடமே கேட்டுப் பழகாதவரால் அப்படி ஒரு காணொளியை எடுக்க முடியாது. நம் கூத்திலும் அண்ணாவியார் முன் ஆடிக் காட்டி, திருத்தம் வாங்காமல் யாரும் அரங்கேறியதில்லை. பிழை கேட்டுத் திருத்துவது நமக்குப் புதிதா என்ன?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது அநியாயம். இப்போது எழுதப்படும் மதிப்பீடுகள் பல வாசிக்கத் தகுந்தவை அல்ல என்பது உண்மைதான். முதல் பந்தியில் அதிபருக்கு நன்றி, நடுவில் ‘மிகுந்த சிரமத்தின் மத்தியில்’, கடைசியில் ‘அனைவரின் பாராட்டையும் பெற்றது’. ஏன் இப்படி எழுதுகிறார்கள்? பிழையை ஒப்புக்கொண்டால் புள்ளி குறையும் என்று அவர்களுக்குத் தெரியும். நாம்தான் அதைக் கற்றுக் கொடுத்தோம். உதடு பிந்துகிறது என்று எழுதிய பிள்ளைக்குக் குறைத்து, ஒன்றும் எழுதாமல் புகழ்ந்த பிள்ளைக்குக் கூட்டிப் போட்டால், எந்தப் பிள்ளை உண்மை எழுதும்?

ஊடகக் கற்கை படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். காணொளிக்கு ஒரு புள்ளி, மதிப்பீட்டுக்கு ஒரு புள்ளி என்று பிரித்து வையுங்கள். எந்த நிமிடத்தில், எந்த விநாடியில், என்ன பிழை, ஏன் வந்தது என்று எழுதும் பிள்ளைக்கு நிறைவாகப் புள்ளி கொடுங்கள். யார் எந்த வேலையைச் செய்தார்கள் என்பதை நாலு பேரும் தனித்தனியாக எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். மதிப்பீட்டில் பார்வை எண்ணிக்கையை எழுதியிருந்தால் அந்த வரிக்குப் புள்ளி இல்லை என்று இந்தத் தவணையே அறிவித்துவிடுங்கள்.