காரணம் எழுதாமல் திருப்பி அனுப்பாதீர்கள்

போன மாதம் ஒரு சாயங்காலம், இத்தனை வருடமாக எழுதி வைத்திருக்கும் நினைவுக் குறிப்புகளைப் பென் டிரைவில் நகல் எடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். பாதியில் ஒரு பெட்டி தோன்றியது. 'பிழை. செயல் தோல்வியுற்றது.' அதற்குக் கீழே 'சரி' என்று ஒரு பொத்தான். எது சரி? எழுதியதெல்லாம் போய்விட்டதோ என்று நெஞ்சு படபடத்தது. வீட்டம்மா எட்டிப் பார்த்து, "எதை அமுக்கித் தொலைச்சீங்க?" என்றாள். தப்பு என் மேல்தான் என்று நானும் நம்பிவிட்டேன். ராத்திரி பேரன் வந்து பார்த்துவிட்டு, "பென் டிரைவ் நிறைஞ்சு போச்சு தாத்தா, அவ்வளவுதான்" என்றான்.

பென் டிரைவ் நிறைவது உலக வழக்கம். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பேரன் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னைச் சுட்டது. லினக்ஸில் ஒரு வேலை நடக்காமல் போனால், அதற்கான காரணத்தை இயங்குதளம் ஓர் எண்ணாக நிரலிடம் சொல்லிவிடுமாம். 2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. 28 என்றால் இடம் இல்லை. ஆக, 28 என்ற எண் அந்த நிரலின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை விழுங்கிவிட்டு, என்னிடம் 'தோல்வி' என்று மட்டும் சொல்லியிருக்கிறது.

நான் தபால் இலாகாவில் காலம் தள்ளியவன். ஒரு பதிவுத் தபால் பட்டுவாடா ஆகவில்லை என்றால், தபால்காரர் கவரின் மேலேயே காரணம் எழுதுவார். வாங்க மறுத்தார், விலாசம் போதாது, வீடு மாறிவிட்டார் என்று ஏதாவது ஒன்று. வெறுமனே 'பட்டுவாடா ஆகவில்லை' என்று எழுதித் திருப்பினால் அனுப்பியவர் சும்மா விடுவாரா? வெயிலில் சைக்கிள் மிதித்துப் போனவர் செய்த வேலையை, நொடியில் கோடிக் கணக்குப் போடும் இயந்திரத்தால் செய்ய முடியாதா?

இதற்குப் பழைய வழக்கமும் ஒரு காரணம். 1969-ல் கென் தாம்சன் எழுதிய 'எட்' என்ற எடிட்டர், எந்தத் தப்புக்கும் ஒரே ஒரு கேள்விக்குறியைத்தான் அச்சடிக்கும். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. எதிரில் இருந்தது திரை அல்ல, டெலிபிரிண்டர். நொடிக்குப் பத்து எழுத்துத்தான் அடிக்கும். நீளமாகப் பேசினால் காத்திருக்க வேண்டும். இன்றைக்கு அந்தச் சிக்கனம் யாருக்காக?

இன்னொரு கூத்து. யூனிக்ஸில் 25-ம் எண்ணுக்கு வாசகம், 'இது தட்டச்சுப் பொறி அல்ல'. எங்கேயோ முன்னால் பதிந்துபோன அந்த எண்ணை, சம்பந்தமே இல்லாத வேறொரு தோல்விக்குக் காரணமாக எடுத்து வாசித்துவிடும் நிரல்கள் இருந்தன. திரும்பி வந்த மின்னஞ்சலில்கூட இந்த வாசகம் ஒட்டிக்கொண்டு வந்ததுண்டு! பிற்பாடு லினக்ஸில் அந்த வாசகத்தை 'சாதனத்துக்குப் பொருந்தாத ஐஆக்டில்' என்று மாற்றினார்கள். படிப்பவனுக்கு முன்பு சிரிப்பாவது வந்தது. இப்போது அதுவும் இல்லை.

இதைச் சொன்னால், "இலவசமாகச் செய்து தருகிறார்கள், குறை சொல்லலாமா?" என்பார்கள். அன்னதானம் இலவசம்தான். அதற்காகச் சோற்றில் கல் இருக்கலாமா? நான் புது வசதி எதுவும் கேட்கவில்லை. தெரிந்த காரணத்தை மறைக்காமல் சொல் என்கிறேன்.

"வாசகத்தை மாற்றினால் அதை நம்பியிருக்கும் மற்ற நிரல்கள் கெட்டுப்போகும்" என்பது அடுத்த வாதம். இயந்திரத்துக்குத்தான் எண் இருக்கிறதே! எண்ணை அப்படியே வையுங்கள். வாக்கியம் மனிதனுக்கு உரியது.

முடியாத காரியமும் இல்லை. பைத்தான் மொழியில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால், 'தவறான தொடரமைப்பு' என்று சொல்லி, பெரும்பாலும் அடுத்த வரியைக் கைகாட்டும். குற்றமற்ற வரியை முறைத்துப் பார்த்தே பிள்ளைகள் அரை நாள் கழித்திருப்பார்கள். 2021-ல் வந்த 3.10 பதிப்பில் அதைத் திருத்தினார்கள். எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று அதையே காட்டுகிறது. பெயரைத் தப்பாக அடித்தால், 'இதையா சொல்ல வந்தீர்கள்?' என்று சரியான பெயரையும் நீட்டுகிறது. இதுவும் திறமூல மென்பொருள்தான். மனம் இருந்தது, செய்தார்கள்.

நம் மொழிக்கும் இதில் பங்கு உண்டு. 'திறக்க முடியவில்லை' என்று ஒரு துண்டு, கோப்பின் பெயர் ஒரு துண்டு, 'எழுதுவதற்கு' என்று ஒரு துண்டு. இப்படி ஆங்கில வரிசையில் வாக்கியத்தை நறுக்கி நிரலுக்குள் ஒட்டிவைத்தால், தமிழாக்கம் செய்பவர் என்ன செய்வார்? நமக்கு வினை கடைசியில் வர வேண்டும். துண்டுகளாக ஒட்டாமல் முழு வாக்கியமாக எழுதுங்கள் என்று மொழிபெயர்ப்புக்கான குனு கெட்டெக்ஸ்ட் கருவியின் கையேடே சொல்கிறது. கேட்பவர்கள் குறைவு.

எழுதும் பிள்ளைகளே, மூன்று விஷயம் போதும்: எந்தக் கோப்பு, என்ன தடை, அடுத்து நான் என்ன செய்யலாம். 'பென் டிரைவில் இடம் இல்லை. சிலவற்றை அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள். உங்கள் மூலக் கோப்புகள் பத்திரமாக உள்ளன.' இப்படி மூன்று வரி வந்திருந்தால் அன்று ராத்திரி நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று. இப்படி ஒரு மொட்டைச் செய்தி வந்தால், 'வயசாயிடுச்சு, நமக்கெல்லாம் இது வராது' என்று மூடிவைக்காதீர்கள். அதை எழுத்து மாறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு, 'உங்கள் பிழைச்செய்தியே ஒரு பிழை' என்று வீட்டுப் பிள்ளைகளை விட்டாவது எழுதச் சொல்லுங்கள். நான் எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இங்கே சொல்கிறேன்.