ஆண்மைக்கு அளவுகோல்

ஆண்பிள்ளை என்றால் மீசையை முறுக்க வேண்டும். குரலில் அதட்டல் வேண்டும். அப்போதுதான் பெண்கள் மதிப்பார்கள் என்று ஓர் உபதேசம் கைப்பேசி வழியே ஆய்க்குடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நம்மிடம் படித்துப் போன வாலிபர் சிலர் இதை வேதவாக்காகக் கொண்டிருக்கின்றனர். "பழந்தமிழர் வழியும் இதுதானே, ஸார்? காளையை அடக்கியவனுக்குத்தானே பெண் கொடுத்தார்கள்?" என்று நம்மையே மடக்குகின்றனர். கேள்வி நியாயமானது, விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

கலித்தொகையின் முல்லைக்கலியில் ஆயர்குலப் பெண் ஏறு தழுவியவனையே விரும்புகிறாள் என்பது மெய்தான். திருநெல்வேலிச் சீமையில் இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் எறிந்தவனுக்கே பெண் என்ற வழக்கம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வர். நூறு கிலோவைத் தாண்டிய கற்களும் உண்டு. ஆனால் அச்சோதனையின் கருத்து யாது? மந்தை மேய்ப்பவனுக்கு மாட்டை அடக்கத் தெரிய வேண்டும். ஏர் உழுது கமலை இறைப்பவனுக்குப் புஜபலம் வேண்டும். இவன் குடும்பத்தைக் காப்பாற்றுவானா என்ற கேள்வியையே நம் முன்னோர் கல்லாக உருட்டி ஊர்ப் பொதுவில் போட்டு வைத்தனர். மனைவியை அதட்டுவானா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை!

இன்று கமலை போயிற்று. பம்புசெட்டும் டிராக்டரும் வந்துவிட்டன. பெண்கள் காலேஜில் படித்து உத்தியோகம் பார்க்கின்றனர். பொங்கல் விழாவில் வடலிவிளைப் பெண்களே இளவட்டக்கல்லைத் தூக்குகின்றனர். கேள்வி மாறவில்லை, கல்தான் மாறிவிட்டது. 'மேலே படிக்க விடுவாரா? நம் சம்பளத்துக்குக் கணக்குக் கேட்பாரா? நடுநிசியில் குழந்தை அழுதால் எழுந்திருப்பாரா?' என்பவையே இக்காலப் பெண்ணின் மனத்திலுள்ள கற்கள். திடகாத்திரமான தேகம் கண்ணைக் கவரும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கண்ணைக் கவர்வது வேறு. கழுத்தை நீட்டச் செய்வது வேறு.

திருவள்ளுவரைக் கேட்போம். பிறன் மனைவியை நோக்காமையை அவர் பேராண்மை என்கிறார். போர்க்களத்து வீரத்துக்கும் அதே பெயரைத் தந்து, பகைவனுக்கு இடுக்கண் நேர்ந்தபோது உதவுவதே அதன் கூர்மை என்கிறார். தான் பிறந்த குடியின் பாரத்தை ஏற்பதை நல்லாண்மை என்கிறார். அதட்டல் இம்மூன்றில் எதிலும் இல்லை. நம் ஊரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஆய் அண்டிரனும் கொங்கரை வென்ற வீரனே. எனினும் உலகம் அவனை நினைப்பது கடையெழு வள்ளல்களில் ஒருவனாகத்தான்.

நமக்கு அணித்தேயுள்ள கடையம், பாரதியாரின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1918-ஆம் ஆண்டின் இறுதியில் கடலூர்ச் சிறையினின்று விடுதலை பெற்ற பாரதியார் 1920 வரை அங்கே வாழ்ந்தார். ஊரார் பரிகசித்தும் பொருட்படுத்தாமல் மனைவியின் தோள்மேல் கைபோட்டுத் தெருவில் நடந்தார் என்பர். மெலிந்த தேகம், கையில் காசு இல்லை. அவரை ஆண்மை குறைந்தவர் என்று சொல்லத் துணிபவர் யார்? அவர் மறைந்த பின் அவருடைய சரித்திரத்தைச் சொல்லி வைத்தவரும் அச்செல்லம்மாவே. நம் வாலிபரோ பாரதியாரிடமிருந்து மீசையை மட்டும் எடுத்துக்கொண்டனர்!

இதில் வாலிபரை மாத்திரம் குறை கூறிப் பயனில்லை. அதட்டினால் அன்பு கிடைக்கும் என்பதைப் பையன் கைப்பேசியில் கற்பதற்கு முன்பே வீட்டுக் கூடத்தில் கற்றுவிடுகிறான். தங்கை பெருக்க, தாய் பரிமாற, தான் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவன், நாளை வருகிறவளிடமும் அதையே எதிர்பார்ப்பான். அவள் வர மறுத்தாலோ, காலம் கெட்டுவிட்டது என்று நொந்துகொள்வான். ஆகவே தாய்மாருக்கும் தந்தையருக்கும் ஒரு வார்த்தை: காப்பி குடித்த டம்ளரைத் தானே கழுவி வைக்கப் பையனைப் பழக்குங்கள். இளவட்டக்கல்லைவிட அது கனம் குறைவுதான். ஆயினும் நம் வீரர்களில் அநேகரால் இன்னும் அதைத் தூக்க முடியவில்லை!