சுவர் எழுப்பாத வீடு

நண்பர் ஒருவர் தம் பாட்டனார் கட்டிய ஜவுளிக்கடைக் கட்டடத்தைச் சித்திரக்கூடமாகவும் குடியிருக்கும் வீடாகவும் மாற்றப் போகிறார். வரைபடத்தில் பதினொரு அறைகள்! அதைக் காட்ட வந்தவர், தாம் நியூயார்க்கில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார்.

"ஸ்பிரிங் தெரு 101ஆம் எண். டொனால்ட் ஜட் என்ற சிற்பி வாழ்ந்த ஐந்து மாடிக் கட்டடம். கட்டிலைச் சுற்றி ஒரு சுவர்கூட இல்லை, ஐயா! 2 கோடியே 30 லட்சம் டாலர் செலவழித்துப் புதுப்பித்து, 2013இல் ஜனங்கள் பார்க்கத் திறந்தார்களாம். என்னத்தைப் புதுப்பித்தார்கள்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுப்பிப்பது என்றால் தூணை மறைத்துப் பலகை அடிப்பது, உயர்ந்த கூரையைத் தாழ்த்துவது, கூடத்தை நாலாக நறுக்குவது என்றே நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். செலவழித்த காசு கண்ணில் படாவிட்டால் நமக்குத் தூக்கம் வராது!

அந்தக் கட்டடம் 1870இல் வியாபாரத்துக்காக எழுந்தது. முகப்பு வார்ப்பிரும்பு. மெல்லிய இரும்புத் தூண்களே பாரத்தைத் தாங்கியதால், இடையெல்லாம் அகன்ற ஜன்னல்கள் வைக்க முடிந்தது. 1968இல் ஜட் அதை 68,000 டாலருக்கு வாங்கியபோது உள்ளே குப்பை நிறைந்து கிடந்தது. அந்த வட்டாரத்தின் குறுக்கே விரைவுச் சாலை போடும் திட்டம் 1969இல்தான் கைவிடப்பட்டது. தொழிற்பகுதியாகையால், கலைஞர்கள் அங்கே குடியிருக்கச் சட்டம் இடம் கொடுத்தது 1971இல்தான்.

இடிபட இருந்த பேட்டையில் அவர் என்ன செய்தார்? குப்பையை அகற்றினார், பழுது பார்த்தார், மாடிகளைத் திறந்தபடியே விட்டார். சமையலுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று என்று மாடிக்கு ஒரு காரியம் வகுத்தார். தம் படைப்புகளையும் நண்பர் டான் ஃபிளேவினின் ஒளிக்குழல் படைப்பையும் இடம் பார்த்து, நிரந்தரமாக இருத்தினார். பொருட்காட்சி முடிந்ததும் மூட்டை கட்டப்படுவதல்ல கலை. மனிதன் உண்டு உறங்கும் இடத்தில் அதுவும் கூட இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"குடும்பஸ்தனுக்கு மறைவு வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும், நானும் குடும்பஸ்தன்தான். சுவரே கூடாதென்று நான் சொல்லவில்லை. எழுப்புமுன், அந்தச் சுவர் எந்த வெளிச்சத்தைக் கொல்லும் என்று கேளுங்கள் என்கிறேன்.

ஜட் 1994இல் காலமானார். பின்னால் செலவான கோடிகள், அவர் விட்டுப் போனது விட்டபடியே நிற்பதற்காகச் செலவானவை. கண்ணுக்குத் தெரியாததே அந்தச் செலவின் பெருமை.

நண்பரே, வரைபடத்தைச் சுருட்டி வையுங்கள். ஒரு வாரம் காலையில் பாட்டனாரின் கடையில் போய்ச் சும்மா உட்காருங்கள். வெயில் எந்த ஜன்னலால் நுழைந்து, எந்தத் தூணைத் தொட்டு, எதுவரை போகிறதென்று பாருங்கள். பிறகும் பதினொரு அறை வேண்டுமென்றால், நானே வந்து கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கிறேன்!