தள்ளுபடிக்கும் ஒரு சோதனைச்சாலை வேண்டும்



ஆடி பிறந்துவிட்டால் துணிக்கடை வாசல்களில் தள்ளுபடிப் பலகைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தீபாவளி நெருங்கும்போது கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் 30 விழுக்காடு தள்ளுபடி என்று எழுதியிருப்பதையும் படித்திருப்பீர்கள். அந்தக் கடைகளில் பில் போடும் இடத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். நூறு ரூபாய்த் துண்டுக்கு நூற்றைம்பது ரூபாய் தள்ளுபடி என்று எந்திரம் காட்டினால், அவர் சிரித்துவிட்டு மறுபடி தட்டிப் பார்ப்பார். இணையக் கடையிலோ அப்படி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. எழுதி வைத்த நிரல், அதாவது புரோகிராம், என்ன சொல்கிறதோ அதுவே விலை! ஆகவே அந்த நிரலைக் கடை திறக்கும் முன்பே, கடைக்கு வெளியே வைத்து, வேண்டுமென்றே இடறிவிட்டுப் பார்த்தாக வேண்டும் என்பது என் கட்சி.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் ஆண்டிமடம். செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக உள்ள பகுதி. என்னிடம் இயற்பியல் படித்த மாணவி ஒருத்தி, தன் தந்தையார் உடைத்து, தோலுரித்து, தரம் பிரித்து வைக்கும் முந்திரிப் பருப்பை இணையத்தில் விற்பதற்கு ஒரு சிறு கடையை அமைத்தாள். 1,000 ரூபாய் முதல் வாங்குவோருக்கு 10 விழுக்காடு தள்ளுபடி. முதன்முறை வாங்குவோருக்கு 100 ரூபாய்க் கூப்பன். இவை அவள் எழுதிய விதிகள். 2,000 ரூபாய் என்று போட்டுப் பார்த்தாள். 1,800 என்று வந்தது. கூப்பனையும் பதிந்தாள், 1,700 என்று வந்தது. சரிதானே? கடையைத் திறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் யாரோ ஒருவர் 4,000 ரூபாய்க்குப் பருப்பு கேட்டார். 10 விழுக்காடு கழித்து 3,600. பிறகு அதே கூப்பனைப் பன்னிரண்டு முறை பதிந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் நிரல் பணிவோடு நூறு ரூபாயைக் கழித்துக்கொண்டே போய், 2,400 ரூபாய்க்கு பில்லை முடித்துவிட்டது! தர வேண்டியதற்கு மேல் 1,100 ரூபாய் போயிற்று. அந்தத் தந்தையார், "காட்டிய விலைக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்" என்று பொட்டலத்தை அனுப்பிவிட்டார். பெண்ணை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒழுங்காகத்தான் சார் சோதித்தேன்" என்றாள்.

"எத்தனை கணக்கு போட்டுப் பார்த்தாய் அம்மா?"

"இரண்டு."

இரண்டுமே சரியாக வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்த கணக்குகள். திருகு அளவியைக் கையில் எடுத்தவுடன் கம்பியின் விட்டத்தை அளந்துவிடுகிறோமா? முதலில் முனைகளைச் சேர்த்து, சுழிப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறோம். கருவியை நம்பாமல் தொடங்குவதே அளவியலின் முதல் பாடம். நிரலும் ஒரு கருவிதான்.

இந்தச் சோதனையை எங்கே செய்வது? திறந்திருக்கும் கடையில் அல்ல. கடையைப் போலவே இன்னொரு நகலை உருவாக்கி, வெளியார் யாரும் நுழைய முடியாதபடி வைத்துக்கொள்ள வேண்டும். நிரல் எழுதுவோர் இதற்கு 'ஸ்டேஜிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பணம் வாங்கித் தரும் நிறுவனங்களும் சோதனைக்கென்றே பொய் அட்டை எண்களைத் தருகின்றன. அவற்றைப் பதிந்தால் பணம் கட்டியது போலவே எல்லாம் நடக்கும், ஒரு காசும் கை மாறாது. உண்மை வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் இந்த நகலில் போட்டுவிடக் கூடாது. நள்ளிரவில் யாருக்காவது 'உங்கள் முந்திரி புறப்பட்டது' என்று பொய்ச் செய்தி போய்ச் சேரும்.

சரி, எப்படி இடறிவிடுவது? நானும் அவளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து இதைத்தான் செய்தோம்.

முதலில் எல்லைகளைப் பிடித்தோம். 999, 1,000, 1,001 என்று மூன்று பில்கள். 'முதல்' என்பதற்கும் 'மேல்' என்பதற்கும் உள்ள வேறுபாடு சரியாக 1,000-இல்தான் தெரியும். 2,000-இல் ஒருநாளும் தெரியாது. அடுத்து 80 ரூபாய்ப் பொட்டலத்துக்கு 100 ரூபாய்க் கூப்பன். நிரல் என்ன சொன்னது தெரியுமா? கடைக்காரர் 20 ரூபாய் தர வேண்டும் என்றது!

பிறகு வரிசை. சரியாக 1,000 ரூபாய் பில்லுக்குக் கூப்பனும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் 10 விழுக்காட்டைக் கழித்தால் 900. கூப்பனையும் கழித்தால் 800. மாறாக, கூப்பனை முதலில் கழித்தால் 900, இப்போது பில் ஆயிரத்துக்குக் குறைந்துவிட்டதால் 10 விழுக்காடு கிடையாது, 900-உடன் முடிகிறது. அதே பொருள், அதே விதிகள், நூறு ரூபாய் வேறுபாடு! எது சரி? கணிதம் இதற்கு விடை சொல்லாது. கடைக்காரர் முடிவு செய்ய வேண்டிய ஒன்று அது. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை என்பதைத்தான் சோதனை வெளிக்கொண்டு வந்தது. அவளுடைய தந்தையார் சற்று யோசித்து, "எண்ணூறே இருக்கட்டும்" என்றார்.

கடிகாரம் இன்னும் வேடிக்கையானது. தீபாவளி நள்ளிரவு 12 மணியோடு தள்ளுபடி முடிகிறது என்று எழுதியிருந்தாள். கடையைத் தாங்கும் கணினியோ உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம் நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை ஒட்டியது; பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பது. ஆக, அந்தக் கணினிக்கு நள்ளிரவு ஆகும்போது ஆண்டிமடத்தில் விடியற்காலை 5.30! அதுவரை தள்ளுபடி ஓடிக்கொண்டே இருந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தீபாவளி வரை காத்திருக்க வேண்டியதில்லை. நகல் கடையின் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் போதும். உண்மைக் கடையில் இதைச் செய்யத் துணிவீர்களா?

பைசாவின் கதையும் உண்டு. கணினி இரும எண்களில் கணக்குப் போடுகிறது. நமக்கு 1/3 என்பது 0.333... என்று முடிவின்றி நீள்வதைப் போல, கணினிக்கு 1/10 முடிவின்றி நீளும். ஓரிடத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்கிறது. பல நிரல் மொழிகளில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கச் சொன்னால் 1998.9999999999998 என்று வரும். முழு எண் பகுதியை மட்டும் எடுத்தால் 1,998 பைசா. ஒரு பைசா மாயம்! ஒரு பைசாதானே என்று நினைக்க வேண்டாம். கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தையின் குறியீட்டெண் 1982 ஜனவரியில் 1,000 என்று தொடங்கியது. ஒவ்வொரு கணக்கிலும் மூன்றாம் தசமத்துக்குப் பிறகு வந்ததை நிரல் வெட்டி எறிந்துகொண்டே வந்ததால், 1983 நவம்பரில் அது சுமார் 524-க்கு இறங்கியிருந்தது. திருத்திக் கணக்கிட்டபோது உண்மை எண் சுமார் 1,098! இதற்கு மருந்து எளிது: விலைகளை ரூபாயில் வைக்காமல் பைசாவில், முழு எண்களாகவே வைத்துக்கொள்வது.

"பெரிய நிறுவனங்களுக்கு வேண்டுமானால் இதெல்லாம் தேவை, முந்திரிக் கடைக்கு எதற்கு?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். பெரிய நிறுவனங்களின் கதையைப் பார்ப்போமே. 2014 அக்டோபர் 6 அன்று ஃபிளிப்கார்ட் நடத்திய பெரும் தள்ளுபடி விற்பனையில் தளம் திணறியது. பொருள்கள் நொடியில் தீர்ந்தன. விலைகள் மாறின என்ற புகார் எழுந்தது. மறுநாள் நிறுவனர்கள் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, பிரிட்டனில் அமேசான் வழியாக விற்கும் சிறு வணிகர்கள் பயன்படுத்திய விலை மாற்றும் நிரல் ஒன்று பழுதுபட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு அவர்களுடைய பொருள்கள் பலவும் ஒரு பென்னிக்கு விற்றன. நிரல் வேறொருவருடையது, இழப்போ சிறு வணிகருடையது. பெரிய நிறுவனம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த விற்பனைக்குத் தயாராகிவிடும். ஒரு குடும்பத்தின் பருவ உழைப்பு போனால் போனதுதான். எனவே சின்னக் கடைக்குத்தான் சோதனை கூடுதலாகத் தேவை என்பேன்.

இதில் நம் பள்ளி, கல்லூரிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. விடை சரியாக வந்தால் மதிப்பெண் தருகிறோம். எங்கே தப்பும் என்று தேடிக் கண்டவனுக்கு எதுவும் தருவதில்லை. செய்முறை ஏட்டில் எதிர்பார்த்த விடை வரும்வரை எண்களைத் 'திருத்தும்' கலையையும் மாணவர்கள் எங்களிடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள், வெட்கத்துடன்தான் சொல்கிறேன். இந்த ஆண்டு முதல் என் வகுப்பில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் உடைக்க வேண்டும். உடைத்தவருக்கும் மதிப்பெண்.

சென்ற வாரம் அந்த மாணவி ஒரு புதிய சிக்கலோடு வந்தாள். பொட்டலம் 300 ரூபாய் வீதம் மூன்று பொட்டலங்கள், மொத்தம் 900. நூறு ரூபாய்க் கூப்பன் போக, வாங்கியவர் கட்டியது 800. இப்போது அவர் ஒரு பொட்டலத்தைத் திருப்பி அனுப்புகிறார். எவ்வளவு திருப்பித் தருவது? 300 ரூபாய் தந்தால் கூப்பன் தொகையில் ஒரு பங்கையும் சேர்த்துத் தந்ததாகும். 266 ரூபாய் 67 பைசா என்று வைத்தால், மூன்று பொட்டலங்களும் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது 800 ரூபாய் 1 பைசா போய்விடும். 66 பைசா என்று வைத்தாலோ வாங்கியவருக்கு 2 பைசா நஷ்டம். அவள் ஒரு வழி கண்டிருக்கிறாள். அதை இங்கே சொல்லப் போவதில்லை. உங்கள் வழியைத் தாளில் எழுதுங்கள். எழுதியபின் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் கொடுத்து, உடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.