பொற்பதக்கமும் தூக்குக் கயிறும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த பூமி. அந்தக் கரிசலும் கண்மாயும் சேர்ந்த பழைய இராமநாதபுரம் சீமையில், பனையூர் என்னும் கிராமத்தில், 1725-ம் ஆண்டு வாக்கில் மருதநாயகம் பிறந்ததாகச் சொல்லுவர். இஸ்லாத்தைத் தழுவி அவர் முகம்மது யூசுப்கான் ஆனார். ஜனங்களுக்கு அவர் கான்சாகிபு.

1749-ல் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்காக உள்நாட்டு யுத்தம் மூண்டது. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகம்மது அலிக்கு இங்கிலீஷ்காரர் துணை. வீட்டுச் சண்டைக்கு அந்நியனை அழைத்தால் வீடு யாருக்கு மிஞ்சும்? அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லை.

யூசுப்கான் கம்பெனியின் பக்கம் நின்றார். 1754-ல் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார். அவருடைய வீரத்தை மெச்சிக் கம்பெனியார் பொற்பதக்கமும் அளித்தனர். 1758 டிசம்பரில் லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, காலாளும் குதிரையுமாக வெளியிலிருந்து பாய்ந்து பிரெஞ்சுப் படையை ஓயாமல் அலைக்கழித்தவர் அவர். 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்தது.

ஆனால் அதே வாள்தான் 1761-ல் நெற்கட்டும்செவலில் பூலித்தேவரையும் வீழ்த்தியது. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி கைக்கு வந்ததும் போர்வீரர் நல்ல நிர்வாகியானார். கலகத்தால் சீரழிந்திருந்த நாட்டில் அமைதி திரும்பியது. அவர் ஓங்குவதை நவாப் சகிக்கவில்லை. குத்தகைப் பணமும் அதிகாரமும் பற்றித் தகராறு முற்றியது. கம்பெனி, பதக்கம் கொடுத்த வீரரைக் கைவிட்டு நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763-ல் யூசுப்கான் எதிர்த்து எழுந்தார்.

மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் தாக்குப் பிடித்தது. பீரங்கிகளால் அதைப் பிடிக்க முடியவில்லை. முடிவில், 1764 அக்டோபரில், கோட்டைக்குள்ளிருந்த சொந்த மனிதர்களே அவரைக் கட்டிப் பகைவரிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 15-ம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் சமாதி இருக்கிறது. ‘கான்சாகிபு சண்டை’ என்ற நாட்டுக் கதைப்பாடலும் நிலைத்திருக்கிறது.

தமக்காக வாளெடுத்த வரையில் அவரைப் போற்றிய அந்நியர், அவர் தமக்கென்று நிமிர்ந்தபோது கயிற்றைக் கொண்டுவந்தனர். பூலித்தேவரும் கான்சாகிபும் ஒரே அணியில் நின்றிருந்தால் தென்னாட்டின் சரித்திரம் எப்படிப் போயிருக்குமோ! நம் குழந்தைகளுக்கு அவருடைய வீரத்தைச் சொல்லும்போது, அவ்வீரம் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லுவோமாக.